உள்நோயாளி ஜானகிராமன்

தூய மார்த்தா மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்து நான்கு நாள்கூட ஆகாத நர்ஸ் லட்சுமி, கையில் ஒரு தாளோடு பெண்கள் வார்டின் நடுவில் நின்று, "பதினாலாம் பெட்டு ஜானகிராமன் யாரு?" என்று கேட்டாள்.

1986 ஜூலை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. மணி பகல் ஒன்று. பதினான்காம் படுக்கையில் இருந்தவள் தவளக்குப்பத்துத் தனக்கொடி. ஒன்பது மாத வயிறு. மறுநாள் காலையில் ஆபரேஷன் என்று சொல்லியிருந்தார்கள்.

"என்னப் பாத்தா ஜானகிராமனாட்டமா இருக்குது?" என்றாள் தனக்கொடி. வார்டே சிரித்தது.

தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயம்மா மட்டும் சிரிக்கவில்லை. துணியை வாளியில் போட்டுவிட்டு லட்சுமியின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அந்தப் பேர இங்க கூப்புடாதம்மா. அந்தத் தம்பி பங்குனியிலியே செத்துப்போச்சு. மேல, ஆம்பளைங்க வார்டுல, ஒம்பதாம் பெட்டுல. மூஞ்சியத் தொடச்சி உட்டவ நாந்தான்."

லட்சுமி தாளைப் பார்த்தாள். கம்ப்யூட்டரில் அச்சடித்த தாள். பெயர் ஜானகிராமன், ஆண், வயது இருபத்தொன்பது, இரத்த வகை பி பாசிட்டிவ். நிலை என்ற இடத்தில் ‘ஏ’ என்ற ஒற்றை ஆங்கில எழுத்து. அந்த மருத்துவமனையில் ‘ஏ’ என்றால் உள்ளே சேர்க்கப்பட்டிருப்பவர், ‘டி’ என்றால் வீட்டுக்குப் போனவர், ‘ஈ’ என்றால் இறந்தவர். தனக்கொடியின் பெயர் தாளில் எங்கேயும் இல்லை.

அதே தாளின் இன்னொரு படி இரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கும் போயிருந்தது. அங்கே இருந்த வடிவேல், எந்தத் தாளையும் நம்பாதவர். டாக்டரே எழுதிக் கொடுத்தாலும் தானே ஒருமுறை நோயாளியின் விரலில் குத்திப் பார்த்தால்தான் அவருக்குத் திருப்தி. அன்றும் குத்திப் பார்த்தார். தனக்கொடிக்கு ஓ பாசிட்டிவ். எடுத்து வெளியே வைத்திருந்த இரண்டு பாட்டில் பி பாசிட்டிவ் இரத்தத்தை மறுபடி குளிர்பெட்டிக்குள் வைத்துவிட்டு, மருத்துவமனையை நடத்திய சிஸ்டர் செலினிடம் போனார்.

"மாசேர், அந்தப் பொட்டிய நிறுத்துங்க. நாளைக்கு ஒரு உசுரு போயிருக்கும்."

புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்த தலைமுறை, கன்னியாஸ்திரிகளை மாசேர் என்றுதான் அழைக்கும். சிஸ்டர் செலின் அந்தப் பெட்டியை விற்ற கம்பெனிக்குப் போன் செய்தார்.

தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் இருந்தது சங்கு கம்ப்யூட்டர்ஸ். பதினெட்டுப் பேர் வேலை செய்த இடம். போனை எடுத்த மேலாளர் நாராயணசாமி கேட்டு முடித்துவிட்டு, வேம்புவின் மேசைக்கு வந்தார்.

"வேம்பு, ஆஸ்பத்திரியில ஒருத்தர் ரெக்கார்டு இன்னொருத்தர் எடத்துல போய் உக்காந்துருக்காம். டிஸ்க்கு உன் வேலதானே?"

"யாரு ரெக்கார்டு சார்?"

நாராயணசாமி குரலைத் தாழ்த்தினார். "நம்ம ஜானகிராமனுது."

வேம்பு எதிர் மேசையைப் பார்த்தாள். நான்கு மாதமாக அங்கே யாரும் உட்காரவில்லை. முதலியார்பேட்டையில் மில் தொழிலாளியின் மகளாகப் பிறந்து, பொறியியல் படித்து, அந்தக் கம்பெனியில் சேர்ந்த ஒரே பெண் அவள். எந்திரத்தின் அடி ஆழத்தில் இருந்து டிஸ்க்கை, அதாவது பதிவுகளைச் சேமிக்கும் வட்டை, இயக்கும் நிரலை அவள் எழுதினாள். டெர்மினல்களை, அதாவது திரையும் விசைப்பலகையும் கொண்ட பெட்டிகளை, இயக்கும் நிரலை ஜானகிராமன் எழுதினான். இந்த வகை நிரலுக்கு டிரைவர் என்று பெயர். "எம்மவ டிரைவர் எழுதுறா" என்று அவள் அம்மா தெருவில் சொல்லி, லாரி டிரைவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கிறாள் என்று அக்கம்பக்கத்தில் நினைத்துக்கொண்டார்கள். அதைச் சொல்லி ஜானகிராமன் ஒரு வாரம் சிரித்தான். பங்குனியில் ஒரு மாலை, நோணாங்குப்பம் பாலத்துக்கு அருகே அவன் மோட்டார் சைக்கிள் மீது வேன் மோதியது. மூன்று நாள் தூய மார்த்தாவில் கிடந்து இறந்துபோனான்.

புதன்கிழமை காலை வேம்பு மருத்துவமனைக்குப் போனாள். கடற்கரையிலிருந்து இரண்டு தெரு உள்ளே, மஞ்சள் சுவரும் உயரமான சன்னல்களும் கொண்ட பழைய கட்டடம். எந்திரம் கீழ்த்தளத்தில், முன்பு மருந்து வைத்திருந்த அறையில் இருந்தது. பதிவுகளைக் கவனித்துக்கொண்டவள் ஜெயம் என்ற பெண். இருபத்து நான்கு வயதிருக்கும். அதிகம் பேசமாட்டாள் போலிருந்தது.

"இது மொத தடவையா?" என்று வேம்பு கேட்டாள்.

ஜெயம் மேசை இழுப்பறையைத் திறந்து ஐந்து தாள்களை எடுத்து வைத்தாள். "அஞ்சாவது தடவக்கா. மத்த நாலயும் நானே கண்டுபுடிச்சிக் கையால திருத்திட்டேன்."

"ஏன் யாருக்கும் சொல்லல?"

ஜெயம் இழுப்பறையைச் சாத்தினாள்.

வேம்பு தாள்களை வரிசையாகப் பரப்பினாள். கொளஞ்சி என்ற முதியவரின் இடத்தில் ஜானகிராமன். மணியம்மாளின் இடத்தில் ஜானகிராமன். ஒரு கைக்குழந்தையின் இடத்தில் ஜானகிராமன். அந்த மருத்துவமனையில் ஆறாயிரத்துக்கு மேல் பதிவுகள் இருந்தன. தவறிப்போய் வந்து உட்கார்ந்தது ஐந்து முறையும் ஒரே ஆள். ஐந்து தாளிலும் நேரம் பகல் பன்னிரண்டு நாற்பதிலிருந்து ஒரு மணிக்குள். ஐந்திலும் நிலை ‘ஏ’.

அவன் இறந்த அன்றே பதிவில் ‘ஈ’ போட்டிருப்பார்கள். அப்படியிருக்க ‘ஏ’ எங்கிருந்து வந்தது? வேம்புவுக்குக் கழுத்தின் பின்னால் குளிர்ந்தது. மின்விசிறிக் காற்றுதான் என்று எண்ணிக்கொண்டாள்.

மதியம் அங்கேயே இருந்து பார்ப்பது என்று முடிவு செய்தாள்.

பன்னிரண்டரைக்கு அந்தப் பகுதியே அடங்கிப்போகும். கடைகள் கதவைச் சாத்திவிடும். நான்கு மணிக்குத்தான் மறுபடி திறப்பார்கள். வெயில் தெருவை வெள்ளையாக அடித்துக்கொண்டிருந்தது. ஒரு ரிக்‌ஷாகூட இல்லை. வார்டுகளில் நோயாளிகள் சாப்பிட்டுப் படுத்துவிட்டார்கள். ஊழியர்கள் பின்கட்டில் சாப்பிடப் போனார்கள். ஜெயம் மட்டும் அடுத்த அறையில் தன் டெர்மினலின் முன்னால் உட்கார்ந்து, காலையில் வந்த நோயாளிகளின் சீட்டுகளை எந்திரத்தில் ஏற்றிக்கொண்டிருந்தாள். எந்திர அறையில் வேம்பு தனியாக இருந்தாள்.

எந்திரத்தின் முகப்பில் எட்டு டெர்மினல்களுக்கும் எட்டுச் சிறு விளக்குகள். எந்த டெர்மினலில் விசை தட்டினாலும் அதன் விளக்கு ஒருமுறை மின்னும். இரண்டாவது விளக்கு விட்டுவிட்டு மின்னியது. அது ஜெயம். மற்றவை அணைந்திருந்தன.

பன்னிரண்டு நாற்பத்திரண்டுக்கு ஏழாவது விளக்கு எரிந்தது.

மின்னவில்லை. எரிந்தது. யாரோ மூச்சு விடாமல் தட்டுவதுபோல. வேம்பு தன் திரையில் ஏழாம் கம்பி வழியாக வருவதைப் பார்க்கும்படி அமைத்தாள். பொருளற்ற எழுத்துகள் கொட்டின. நடுநடுவே எந்திரம் வழக்கம்போல ‘லாகின்’ என்று கேட்டது. நீ யார், பெயரைச் சொல் என்று அர்த்தம். அந்தப் பக்கமிருந்து பதிலாக அதே சொல் திரும்பி வந்தது. லாகின். எந்திரம் மறுபடி கேட்டது. மறுபடி அதே கேள்வி பதிலாக வந்தது. யார், யார், யார் என்று திரை முழுவதும் நிரம்பி மேலே ஓடிக்கொண்டிருந்தது.

வேம்பு அடுத்த அறைக் கதவில் போய் நின்றாள். "ஜெயம், ஏழாம் நம்பர் டெர்மினல் எங்க இருக்குது?"

ஜெயத்தின் கை விசைப்பலகை மேலேயே நின்றுவிட்டது. "மாடியில. ஆம்பளைங்க வார்டு. ஆனா கூரை ஒழுகுதுன்னு சித்திரையிலியே பூட்டிட்டாங்கக்கா. அங்க யாரும் இல்ல."

சிஸ்டர் செலின் சாவிக்கொத்தோடு வந்தார். கண்ணாடி போட்ட, ஒல்லியான, வேகமாக நடக்கும் பெண்மணி. மாடிப்படியின் மேலே பெரிய பூட்டுத் தொங்கியது. பூட்டின் மேல் தூசி கலையாமல் இருந்தது. சாவியைப் போட்டுத் திருப்பச் சிறிது நேரம் ஆனது. கதவு திறந்ததும் சுண்ணாம்பும் ஈரமும் கலந்த வாடை வந்தது.

கட்டில்களை எல்லாம் எடுத்துவிட்டிருந்தார்கள். சன்னல் பலகைகளின் இடுக்கு வழியே வெயில் கோடு கோடாகத் தரையில் விழுந்திருந்தது. சுவரில் வரிசையாகக் கட்டில் எண்கள் மட்டும் மிச்சம். கூரையில் எங்கோ ஒரு முனகல் கேட்டுக்கொண்டிருந்தது, ஒரே சீராக, விடாமல்.

"அது தண்ணி மோட்டார்," என்றார் சிஸ்டர். "டேங்குக்கு இந்த நேரத்துலதான் ஏத்துவாங்க. பயப்படாதம்மா."

டெர்மினலைக் கழற்றிக் கீழே கொண்டுபோயிருந்தார்கள். சுவரிலிருந்து அதன் கம்பி மட்டும் அறுபட்ட வால்போல வெளியே தொங்கியது. முனையில் எதுவும் இணைக்கப்படவில்லை. கம்பிக்கு நேர்மேலே சுவரில் ஒன்பது என்று எழுதியிருந்தது.

வேம்புவுக்குப் புரியத் தொடங்கியது. திறந்து கிடக்கும் கம்பி, பக்கத்தில் ஓடும் மோட்டாரின் இரைச்சலை வாங்கிக்கொள்கிறது. எந்திரம் அதை யாரோ தட்டும் எழுத்து என்று எடுத்துக்கொள்கிறது. எந்திரம் கேட்கும் கேள்வியும் இந்த அறுபட்ட முனையில் மோதி, பக்கத்து இழை வழியாக அதனிடமே திரும்புகிறது. இதில் பயப்பட ஒன்றும் இல்லை. பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. கையை நீட்டிக் கம்பியைத் தொட்டாள். இளஞ்சூடாக இருந்தது. சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள்.

"இந்தக் கம்பிய இழுத்தது யாரு சிஸ்டர்?"

"அந்தப் பையன்தான். ஜானகிராமன். போன வருஷம் ஒரு மாசம் இங்கயே இருந்து எல்லாக் கம்பியும் அவனே இழுத்தான்." சிஸ்டர் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். "அப்புறம் அவனையே கொண்டுவந்து இந்த எடத்துல போட்டோம்."

கீழே வந்ததும் வேம்பு முதல் வேலையாக ஏழாம் கம்பியை எந்திரத்திலிருந்து பிடுங்கினாள். விளக்கு அணைந்தது. ஆனால் அது நோய்க்கு மருந்தாகாது என்று அவளுக்குத் தெரியும். இரைச்சல் எவ்வளவு வந்தாலும் பதிவுகள் இடம் மாறக் கூடாது. நிரலில் எங்கோ ஓட்டை இருந்தது. அதோடு, ஜானகிராமனின் பதிவு ஏன் என்ற கேள்வி அப்படியே இருந்தது.

பதிவுகளை யார் எப்போது திருத்தினாலும் எந்திரம் அதை ஒரு கோப்பில் குறித்துவைக்கும். வேம்பு ஜானகிராமனின் எண்ணுக்கு உரிய குறிப்புகளை மட்டும் அச்சடிக்கச் சொன்னாள். இரண்டு மூன்று வரி வரும் என்று நினைத்தாள். அச்சுப்பொறி நிற்காமல் அடித்துக்கொண்டே போனது. சித்திரை முதல் நேற்று வரை, ஞாயிறு தவிர எல்லா நாளும், மதியம் ஒரு மணி ஆகச் சில நிமிடம் இருக்கும்போது ஒரு வரி. இரண்டாம் டெர்மினலிலிருந்து. நிலை, ‘ஏ’ என்பதிலிருந்து ‘ஈ’ ஆக மாற்றப்பட்டது.

வேம்பு இரண்டு முறை படித்தாள். எல்லா வரியும் ஒரே திசையில்தான் இருந்தது. ‘ஏ’யிலிருந்து ‘ஈ’. அடுத்த நாள் மறுபடி ‘ஏ’யிலிருந்து ‘ஈ’. நடுவில் ‘ஈ’யை ‘ஏ’ ஆக்கியதாக ஒரு வரிகூட இல்லை.

தாளை எடுத்துக்கொண்டு ஜெயத்தின் அறைக்குப் போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இது நீதானே?"

ஜெயம் தாளைப் பார்த்ததும் அழுதுவிட்டாள். சத்தமில்லாமல், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"கம்பி இழுக்க வந்தப்ப ஒரு மாசம் தெனமும் பேசுவாருக்கா. இதுல தட்டறதுக்குக் கத்துக் குடுத்ததே அவருதான். கட்டிக்கிறேன்னுல்லாம் சொல்லல. சொல்லுவாருன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "செத்து ஒரு மாசம் கழிச்சி ஒருநா மத்தியானம், சும்மா, பேரப் பாக்கலாம்னு தெறந்தேன். ‘ஏ’ன்னு இருந்துச்சி. யாரோ தப்பா போட்டுட்டாங்கன்னு நான் ‘ஈ’ போட்டேன். மறுநா பாத்தா மறுபடியும் ‘ஏ’."

"நீ ‘ஏ’ போடவே இல்லியா? ஒருநாகூட?"

"நான் ஏங்க்கா போடப் போறேன்? போட்டுட்டு யாருக்குப் பதில் சொல்றது?" தாளைத் தள்ளி வைத்தாள். "தெனமும் மத்தியானம் அவரு உள்ள இருக்காருன்னு காட்டுது. தெனமும் எங்கையாலயே செத்துட்டாருன்னு தட்டறேன். மூணு மாசமா இதான் எம்பொழப்பு. யார்கிட்டப் போயி சொல்றது? பைத்தியம்னு சொல்லி வேலையவிட்டுத் தூக்கிடுவாங்க."

வேம்பு அந்தத் தாளை மறுபடி ஒருமுறை பார்த்தாள். அந்தப் பெண் பொய் சொல்லவில்லை என்பது மட்டும் தெரிந்தது. எந்திரத்தின் குறிப்பும் அவள் சொன்னதையேதான் சொன்னது.

அன்று பிற்பகல் முழுவதும் கம்பெனியில் உட்கார்ந்து தன் நிரலை வரி வரியாகப் படித்தாள். வட்டு மெதுவானது. எந்திரம் அதனிடம் ஒரு பதிவை எழுதச் சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்க்கும். எழுதி முடித்ததும் வட்டு குறுக்கிட்டு, முடிந்தது, அடுத்தது கொடு என்று கூப்பிடும். இதைத்தான் இன்டரப்ட் என்பார்கள். எந்திரம் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு வந்து பதில் சொல்ல வேண்டும். ஆனால் ஒரு வேலையைப் பாதியில் போட முடியாது. அடுத்த பதிவை வரிசையில் வைக்கும்போது, என்ன எழுதுவது என்பதையும் எங்கே எழுதுவது என்பதையும் ஒன்றன்பின் ஒன்றாகக் குறிக்க வேண்டும். முதலாவதைக் குறித்து இரண்டாவதைக் குறிக்காத அந்த இடைவெளியில் வட்டு கூப்பிட்டுவிட்டால், புதிய தகவல் பழைய இடத்துக்குப் போய்விடும். அதனால் அந்த இடைவெளியில் வட்டின் அழைப்பு உள்ளே வராதபடி பூட்டிவிட்டு, வேலை முடிந்ததும் திறக்க வேண்டும். வேம்பு பூட்டியிருந்தாள். ஐந்து முறை படித்துப் பார்த்தாள். எல்லா இடத்திலும் பூட்டு சரியாகவே இருந்தது.

அப்படியானால் வேறு யாரோ அதைத் திறந்துவிடுகிறார்கள்.

எந்திரத்தில் அழைப்புகளுக்கு முன்னுரிமைப் படி உண்டு. வட்டுக்கு ஐந்தாம் படி, டெர்மினலுக்கு ஆறாம் படி. ஐந்து வரை பூட்டினாலும் ஆறு உள்ளே வரலாம். ஒருவர் விசையைத் தட்டினால் எழுத்து தொலைந்துவிடக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருந்தார்கள். வரலாம், ஆனால் போகும்போது பூட்டை வந்தபோது இருந்தபடியே விட்டுவிட்டுப் போக வேண்டும். வேம்பு அலமாரியிலிருந்து ஜானகிராமன் எழுதிய டெர்மினல் டிரைவரின் அச்சுக்கட்டை, நிரலை அச்சடித்துத் தைத்த தாள்கட்டை, எடுத்தாள். பதினோராம் பக்கத்தில் அது இருந்தது. ஒரு சிறு துணைநிரல், வேலையை முடித்ததும் பூட்டைப் பழைய நிலைக்குத் திருப்பாமல், பூஜ்யத்துக்கு இறக்கியது. எல்லாப் பூட்டையும் ஒரேயடியாகத் திறந்துவிட்டது.

சாதாரண நேரத்தில் இது யாருக்கும் தெரியாது. ஒரு மனிதர் நிமிடத்துக்கு நூறு எழுத்துத் தட்டினால், அதில் ஒன்று அந்த இமைக்கும் நேர இடைவெளியில் போய் விழ வருடங்கள் ஆகலாம். ஆனால் மோட்டார் ஓடும்போது ஏழாம் கம்பியில் நொடிக்கு நூற்றுக்கணக்கில் எழுத்து வந்தது. அதே நேரம் ஜெயம் சீட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தாள். மூன்று மாதத்தில் ஐந்து முறை இரண்டும் சந்தித்துக்கொண்டன.

மாலை நாராயணசாமியிடம் சொன்னாள். அவர் அச்சுக்கட்டை வாங்கிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"சரி. ஜானகிராமன் பண்ண தப்புன்னு ஒரு ரிப்போர்ட் எழுதிடு. ஆஸ்பத்திரியும் ஒண்ணும் சொல்லாது. செத்தவன் மேல யாரு கோவப்படப் போறா?"

வேம்பு தலையாட்டிவிட்டுத் தன் மேசைக்குப் போனாள். அறிக்கையில் தேதி போட வேண்டியிருந்தது. அந்த வரி எப்போது எழுதப்பட்டது என்று பார்க்கப் பழைய அச்சுக்கட்டுகளைத் தேடினாள். முந்தைய ஆண்டு அக்டோபர் மாதத்து அச்சு கிடைத்தது. அதில் ஜானகிராமன் சரியாக எழுதியிருந்தான். உள்ளே வரும்போது பூட்டின் நிலையைக் குறித்துக்கொண்டு, போகும்போது அதே நிலைக்குத் திருப்பியிருந்தான். அந்த வரியைச் சுற்றி யாரோ பென்சிலால் வட்டம் போட்டு ஓரத்தில் எழுதியிருந்தார்கள். "இது வேண்டாம். நேராகப் பூஜ்யத்துக்கு இறக்கு. வே."

அவளுடைய கையெழுத்து.

அவளுக்கு நினைவு வந்துவிட்டது. அப்போது, மறுநாள் யாரோ பெரிய மனிதர்கள் எந்திரத்தைப் பார்க்க வருவதாக இருந்தது. டெர்மினல்கள் நடுவில் உறைந்து உறைந்து நின்றன. ஜானகிராமன் காரணத்தைத் தேட இரண்டு நாள் கேட்டான். அவள்தான் இரண்டு நாள் இல்லை என்றாள். பூஜ்யத்துக்கு இறக்கினால் எல்லாம் திறந்துகொள்ளும், உறையாது என்றாள். "அப்ப உன் டிஸ்க் பூட்டும் தெறந்துக்குமே வேம்பு?" என்று அவன் கேட்டான். "அது எங்க வந்து இடிக்கப்போவுது, நீ போடு," என்று சொன்னாள். அவன் அவளை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் போட்டான். உறைவது நின்றது. வந்தவர்கள் கைதட்டிவிட்டுப் போனார்கள்.

அச்சுக்கட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள். பிறகு எழுந்து நாராயணசாமியின் அறைக்கே திரும்பிப் போனாள்.

"சார், தப்பு அவனுது இல்ல. அவன் சரியாத்தான் எழுதியிருந்தான். மாத்தச் சொன்னது நான்."

நாராயணசாமி அந்தப் பென்சில் எழுத்தைப் பார்த்தார். "இது நம்ம ரெண்டு பேருக்கு மட்டும்தானே தெரியும்? ஒன்ன பெங்களூருக்கு அனுப்பலாம்னு எழுதி வெச்சிருக்கேன். யோசிச்சிப் பேசு."

"அந்தத் தனக்கொடி செத்திருந்தா என்ன சார் பண்ணியிருப்போம்? அதையும் அவன் தலையிலதான் போட்டிருப்போமா?"

அவர் அச்சுக்கட்டைத் திருப்பிக் கொடுத்தார். வேம்பு தன் பெயரைப் போட்டே அறிக்கை எழுதினாள். எழுதும்போது ஒரு இடத்தில் பேனா நின்றது. பதிவு எப்படி வழிதவறிப் போனது என்பதை முழுவதும் எழுத முடிந்தது. ஆனால் ஜெயம் எழுத அனுப்பிய பதிவில் ‘ஈ’தான் இருந்திருக்கும். மற்றவர்கள் இடத்தில் போய் உட்கார்ந்த ஐந்திலும் ‘ஏ’ இருந்தது. ‘ஏ’ என்று யாரோ எழுத அனுப்பியிருக்க வேண்டும். அந்த யாரோ குறிப்பில் இல்லை.

"மெமரியில பழைய காப்பி தங்கியிருக்கும்," என்றார் நாராயணசாமி.

"தெனமும் சாயங்காலம் ஆறு மணிக்கு மெஷின அணைச்சிடுறாங்க சார். நாலு மாசமா எது தங்கும்?"

அந்தப் பத்தியை அவள் எழுதாமலே விட்டாள்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்குத் திருத்திய நிரலை மருத்துவமனை எந்திரத்தில் ஏற்றினாள். ஒரே வரி. ஜானகிராமன் முதலில் எழுதிய அதே வரி. சோதிப்பதற்காக ஏழாம் கம்பியை வேண்டுமென்றே மறுபடி இணைத்தாள். பன்னிரண்டு நாற்பதுக்கு மோட்டார் ஓடியது. விளக்கு எரிந்தது. யார், யார் என்று திரை ஓடியது. ஜெயம் சீட்டுகளை ஏற்றிக்கொண்டே இருந்தாள். ஒரு மணிக்கு மோட்டார் நின்றது. ஆறாயிரம் பதிவுகளையும் சரிபார்க்கும் நிரலை ஓட்டினாள். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. பத்து நாள் தொடர்ந்து அப்படியே பார்த்தாள். ஒன்றுகூட நகரவில்லை.

பத்தாம் நாள் ஏழாம் கம்பியை நிரந்தரமாகக் கழற்றினாள். தனக்கொடிக்குப் பெண் குழந்தை பிறந்து, இருவரும் அதற்குள் தவளக்குப்பம் போய்விட்டிருந்தார்கள். சிஸ்டர் செலின் அறிக்கையைப் படித்துவிட்டு, "உண்மையச் சொன்னதுக்கு நன்றிம்மா," என்று மட்டும் சொன்னார். கம்பெனியில் வேம்புவிடமிருந்து வட்டு வேலையை எடுத்து வேறு ஒருவருக்குக் கொடுத்தார்கள். பெங்களூருக்கும் அவரே போனார். அவள் எதிர்பார்த்ததுதான்.

கருவிப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது ஜெயம் வாசல் வரை கூடவே வந்தாள். இந்தப் பத்து நாளில் அவள் முகம் வாடிப்போயிருந்தது. சரியாகச் சாப்பிடுவதில்லை என்று ஆயம்மா சொல்லியிருந்தாள்.

"இப்ப நிம்மதிதானே ஜெயம்?"

ஜெயம் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு மணி வெயிலில் எதிர்ச்சுவர் கண்ணைக் கூச வைத்தது. ஒரு நடமாட்டமும் இல்லை.

"நீங்க சரிபண்ண அன்னையிலேர்ந்து தெனமும் தெறந்து பாக்கறேங்க்கா. ‘ஈ’ன்னே இருக்குது. மாறவே இல்ல." வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். "இவ்வளவு நாளா அவரு ஒவ்வொரு நாளும் வந்து நான் இருக்கேன்னு சொல்லிக்கிட்டிருந்தாரு. நாந்தான் இல்லன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். ஒருநா, ஒரேயொரு நா அப்படியே உட்டிருக்கலாம், இல்லியா?"

வேம்புவுக்கு மின்னோட்டம், இரைச்சல், பூட்டு, படி என்று சொல்ல நிறைய இருந்தது. கருவிப்பையைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே, சாப்பிட்டுவிட்டு வந்த ஊழியர்களின் பேச்சுக் குரல் கேட்கத் தொடங்கியிருந்தது. யாரோ ஜெயத்தின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் உடனே திரும்பவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டபோது முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வரேன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.